கல் கொடுத்த தீவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி. சாங்கி படகுத்துறையில் நானும் என் பெரியப்பாவும் நிற்கிறோம். பெரியப்பாவுக்கு மன்னார்குடி. வயது 72. தொடக்கப்பள்ளி வாத்தியாராக முப்பது வருஷம் சைக்கிளிலேயே போய்வந்தவர். சிங்கப்பூருக்கு வந்த பத்து நாளில் மரினா பே, பூமலை, செந்தோசா எல்லாம் பார்த்துவிட்டார். முந்தின நாள் இரவு சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க காலை வச்சாலும் வழவழன்னு இருக்கு. மேடு பள்ளம்னு ஒண்ணு இந்த ஊர்ல கிடையாதா?"

மேடு பள்ளம் பார்க்கத்தான் புலாவ் உபினுக்குக் கிளம்பினோம்.

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், நமக்கும் ஜொகூருக்கும் நடுவில் கிடக்கும் சின்னத் தீவு அது. பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் வளைந்த வளரித்தடி ஒன்றைக் கடலில் எறிந்ததுபோல் இருக்கும். மின்சார ரயிலும் பேருந்தும் நிமிடக் கணக்கில் ஓடும் இந்த நாட்டில், உபினுக்குப் போகும் 'பம்போட்' படகுக்கு மட்டும் கால அட்டவணையே கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். அவ்வளவுதான். ஆளுக்கு நான்கு வெள்ளி, படகுக்காரர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

நாங்கள் போனபோது ஒன்பது பேர்தான் இருந்தோம். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை மணிக்குத்தான் எடுப்பாங்க?" என்று நான்கு தடவை கேட்டார். மூன்று பேர் வந்தால் எடுப்பார்கள் என்றேன். "அப்ப நம்ம ஊர் ஷேர் ஆட்டோன்னு சொல்லு" என்று பலகையில் உட்கார்ந்தவர், மறுபடியும் எழுந்து சாலையை எட்டிப் பார்த்தார். கடைசியில் கூடாரப் பைகளோடு மூன்று பையன்கள் ஓடிவந்தார்கள். படகு உறுமிக்கொண்டு புறப்பட்டது.

கடலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தலைக்கு மேலே சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள், கீழே டீசல் வாடை. அந்த நேரத்துக்குள் தீவின் கதையைச் சொல்லிவிட்டேன். தவளை, பன்றி, யானை மூன்றும் பந்தயம் கட்டினவாம், ஜொகூர் கரைக்கு யார் முதலில் நீந்திப் போவதென்று. தோற்றவர் கல்லாகிவிட வேண்டும். மூன்றில் ஒன்றும் கரை சேரவில்லை. யானையும் பன்றியும் சேர்ந்து உபின் தீவாயின. தவளை கொஞ்சம் தள்ளி, புலாவ் செக்குடு என்னும் குட்டித் தீவாக உட்கார்ந்துவிட்டது. பெரியப்பா கேட்டுவிட்டு, "ஜெயிச்சவன் கதையை யாரு சொல்றா? தோத்தவன் கதைதான் நிக்குது" என்றார்.

இறங்கியதும் ஒரே ஒரு கடைத்தெரு. தகரக் கூரை, மர வீடுகள், சீனக் கோயில், அதற்கு எதிரே கூத்து மேடை. வாசலில் வரிசை வரிசையாக வாடகைச் சைக்கிள்கள். மலாயில் கடைக்குப் பெயர் 'கெடாய்'. நம்முடைய 'கடை'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆயிற்று என்று சொன்னதும் பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார்.

நேயர்களே, உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கடை ஞாபகம் இருக்கும். மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. பழுப்பேறிய நோட்டில் பெயர், எடுத்த நேரம். மட்கார்டில் பெயின்டால் எழுதிய நம்பர். சீட்டுக்குக் கால் எட்டாத வயதில், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து ஓட்டும் குரங்குப் பெடல். பெரியப்பாவுக்கு அது எல்லாமே ஒரு நொடியில் திரும்பி வந்திருக்க வேண்டும். கியர் வைத்த பளபளப்பான வண்டிகளைப் பார்க்கவே இல்லை. முன்னால் கூடை வைத்த சாதாரண வண்டி ஒன்றை இழுத்தார். ஸ்டாண்டைத் தட்டினார். முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பெல்லை அடித்தார். இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பார்த்தார். கடைக்கார அம்மா, எங்களைவிட வயதில் மூத்த சீனப் பெண்மணி, ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

முதலில் மேற்குப் பக்கம். ஐந்து நிமிடம் மிதித்தால் பெக்கான் குவாரி. நான்கு பக்கமும் காடு, நடுவில் கரும்பச்சையாய் அசையாத தண்ணீர். கரையில் செங்குத்தான பாறை. தண்ணீர் நடுவில் இருந்த மரங்களில் நாரைகளும் கொக்குகளும் உட்கார்ந்திருந்தன. ஏதோ ஆதிகாலத்து ஏரி என்று தோன்றும். உண்மையில் அது மனிதன் தோண்டிய பள்ளம்.

உபின் என்றால் தரையில் பதிக்கும் கல், ஓடு. அந்தத் தீவே ஒரு கருங்கல் திட்டு. சிங்கப்பூர் கட்டப்பட்டபோது இங்கிருந்தும் கல் போனது. பெட்ரா பிராங்காவில் 1851இல் ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு உபின் கல். தெற்கே 1855இல் எழுந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும் உபின் கல். 1920களில் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்த கடற்பாலத்துக்கும் இந்தத் தீவின் கல் போயிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் வாரக்கடைசியில் அந்தப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! சக்கரத்துக்குக் கீழே கிடப்பது உபின் என்று நினைத்திருப்போமா?

ராஃபிள்ஸ் விளக்கத்துக்காக இந்தத் தீவில் கல் வெட்டியவர்களில் இந்தியக் கைதிகளும் உண்டு. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளை அனுப்பும் இடமாக இருந்தது. சென்னை மாகாணம், வங்காளம், பம்பாய் என்று பல திசைகளிலிருந்து கடல் கடத்தப்பட்டவர்கள். சாலை போட்டார்கள், காடு வெட்டினார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். இதைச் சொன்னபோது பெரியப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"கருங்கல்லை வெட்டறது லேசுப்பட்ட வேலை இல்லப்பா. எங்க தெருவுக்கு அம்மி கொத்த வர்றவங்க கையைப் பார்த்திருக்கேன். ஒரு விரல் நேரா இருக்காது. கல்லுக்கு ஒரு ஓட்டம் உண்டு. அது தெரிஞ்சு உளி வச்சாத்தான் பொளக்கும். தெரியாம அடிச்சா, கை போயிடும்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தூரத்தில் ஒரு நாரை காலை மாற்றி வைத்தது.

உபினின் கடைசிக் குவாரி மூடப்பட்டது 1999இல். ஒரு காலத்தில் இங்கே இரண்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். குவாரி வேலை, ரப்பர், மீன், இறால் பண்ணை. பள்ளிக்கூடம் இருந்தது, 1985இல் அதையும் மூடினார்கள். வேலை போனதும் ஆட்கள் அக்கரைக்குப் போனார்கள். இப்போது தீவில் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய தீவின் மின்கம்பி இங்கே வரவில்லை. டீசல் எஞ்சினும் சூரியத் தகடுகளும்தான். குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். தோண்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிரம்பியது. பறவை வந்தது.

இன்னும் மேற்கே, கெட்டாம் குவாரிப் பக்கம் போனோம். 'கெட்டாம்' என்றால் மலாயில் நண்டு. அந்தக் குவாரியைச் சுற்றி மலைச் சைக்கிள்காரர்களுக்கென்று 2008இல் தடம் போட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் போட்ட இளைஞர்கள் வேர்களின் மேலும் பாறைகளின் மேலும் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மரங்களுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் குடில் தெரிந்தது. அதைத்தான் பார்க்க வந்திருந்தோம்.

ஜெர்மன் பெண் கோயில் என்பார்கள். கதை இது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, தீவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு ஜெர்மன் குடும்பத்தைப் பிடிக்கப் பிரிட்டிஷ் வீரர்கள் வந்தார்கள். மகள் பயந்து காட்டுக்குள் ஓடினாள். பாறையிலிருந்து விழுந்து செத்தாள். பின்னால் தோட்டத்துக் கூலியாட்கள் உடலை எறும்பு மொய்க்கக் கண்டெடுத்தார்கள். அவளுக்கு ஒரு கோயில் எழுந்தது. ஜெர்மன்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம், சீனர்கள் கும்பிடுகிறார்கள். மேடையில் ஒரு பார்பி பொம்மை நிற்கிறது. அதன் முன்னால் வாசனைத் திரவியம், உதட்டுச்சாயம், நகப்பூச்சு, சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி.

புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. பெரியப்பா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா. என் அப்பாவோட அக்கா. கல்யாணம் ஆகாம பதினாலு வயசுல போயிட்டாளாம். வருஷா வருஷம் ஒரு பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், கண்மை எல்லாம் வச்சுப் படைப்போம். அதேதான் இது. அல்பாயுசுல போன பொண்ணு எந்த நாட்டுக்காரியா இருந்தா என்ன? ஆசை தீராமப் போயிருக்கா, அதுக்குத்தான் சீப்பும் கண்ணாடியும்."

இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்தக் குடிலை ஒரு வினோதமாகத்தான் பார்த்திருக்கிறேன். மன்னார்குடிக்காரர் ஒரே நிமிடத்தில் அதை நம் வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மத்தியானம் கடைத்தெருவுக்குத் திரும்பி இளநீர் குடித்தோம். பிறகு கிழக்குப் பக்கம். செக் ஜாவாவுக்குப் போகும் பாதை கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம். இருபுறமும் பழைய தோப்புகள், ரப்பர், தென்னை, பலா. வீடுகள் இருந்த இடத்தில் வீடு இல்லை. பலாமரம் மட்டும் நின்று காய்க்கிறது. பெரியப்பா கேட்ட மேடும் பள்ளமும் இங்கேதான் கிடைத்தது.

ஒரு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். டக்கென்று சத்தம். பெடல் வெறுமனே சுற்றியது. செயின் கழன்றுவிட்டது. கடைக்குப் போன் பண்ணலாமா என்று நான் கைப்பேசியை எடுப்பதற்குள், கீழே கிடந்த காய்ந்த குச்சி ஒன்றைப் பொறுக்கிவிட்டார். செயினின் மேல்பகுதியைக் குச்சியால் தூக்கி, முன் பல்சக்கரத்தில் இரண்டு கண்ணியை மாட்டினார். "பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடி" என்றார். பிடித்தேன். பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினார். கண்ணி கண்ணியாகச் செயின் ஏறி உட்கார்ந்தது. கைமசியைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "கரியர்ல உட்கார்ந்த பையனை எறக்கி விடாமலேயே இதைச் செஞ்சிருக்கேன்" என்றார். அதை மட்டும் நான் நம்பவில்லை.

அப்போதுதான் மேலே ஒரு கரகரத்த குரல். உயரமான கிளை ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய பறவை. அலகுக்கு மேலே இன்னொரு அலகு கவிழ்த்து வைத்ததுபோல். இருவாச்சி! நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், வால்பாறைப் பக்கம் போனவர்கள் அதன் உறவுக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கறுப்பு வெள்ளை இருவாச்சி சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போய்விட்டது. 1994இல் உபினில்தான் மறுபடி கண்ணில் பட்டது. கூடு கட்ட அதற்குப் பெரிய மரத்தில் பெரிய பொந்து வேண்டும். பெண் உள்ளே போய் வாசலை மண்ணாலும் எச்சிலாலும் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். ஆண் வெளியே நின்று ஊட்டும். அப்படிப்பட்ட முதிர்ந்த மரங்கள் குறைவு என்பதால் ஆய்வாளர்கள் மரப்பெட்டிகளைக் கட்டி வைத்தார்கள். இருவாச்சி அதையும் ஏற்றுக்கொண்டது. இப்போது சிங்கப்பூர் முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பெரியப்பாவின் கணக்கு வேறு: "பொண்டாட்டியைப் பூட்டி வச்சிட்டு இவன் கடைக்கு அலையறான். பாவம், ரெண்டு பேருமே."

செக் ஜாவா வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தீவின் கிழக்கு முனை. மணல் கரை, பாறைக் கரை, கடற்புல் வெளி, பவளச் சிதைவு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு. ஆறு விதமான உலகம் ஒரே இடத்தில் சந்திக்கிறது. நல்ல வேளையாக நாங்கள் போனது கடல் வற்றும் நேரம். நடைபாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், சேறு முழுக்க நடமாட்டம். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள பிடில் நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடுகின்றன. துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும் மீன்கள், திடீரென்று வாலை அடித்துத் துள்ளுகின்றன. அப்பால் கடலில் கறுப்பாக ஒரு திட்டு. கல்லாகிப்போன தவளை, செக்குடு.

இந்த இடமே இன்று இருந்திருக்கக் கூடாது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் செக் ஜாவா இருந்தது. வேலை தொடங்குவதற்கு முன்பு, 2000ஆம் ஆண்டின் இறுதியில்தான் அதன் செழிப்பு வெளியே தெரிந்தது. தொண்டூழியர்கள் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி ஒவ்வொரு உயிராக எண்ணினார்கள். ஆயிரக்கணக்கில் மக்கள் "போவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்று வந்தார்கள். கடிதங்கள் பறந்தன. 2001ஆம் ஆண்டின் இறுதியில் முடிவு வந்தது. திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வளர்ச்சிப் பணிக்கு இந்தத் தீவு தேவைப்படாத வரைக்கும். நாங்கள் நின்ற நடைபாலம் 2007இல் திறக்கப்பட்டது.

'கைவிடப்பட்டது' என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள் நேயர்களே. ஒத்திவைக்கப்பட்டது. செக் ஜாவாவின் நண்டும் மீனும் தவணையில் வாழ்கின்றன. மனிதன் கை வைக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. 2006 முடிந்து 2007 பிறந்த சமயம், ஜொகூரில் பெய்த பெருமழை ஆற்று வெள்ளமாக வந்து கடலின் உப்பைக் குறைத்தது. கொத்துக் கொத்தாக உயிர்கள் மடிந்தன. மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தன.

இதையெல்லாம் நான் கொஞ்சம் கவலையோடுதான் சொன்னேன். பெரியப்பா கம்பியில் சாய்ந்து துள்ளும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சையை ஒத்தி வச்சாச்சுன்னு நோட்டீஸ் வந்தா, பசங்க எப்படிக் குதிப்பாங்க தெரியுமா? ரத்து இல்லடா, தள்ளித்தான் வச்சிருக்கு, போய்ப் படின்னு கத்துவேன். ஒரு பய கேக்க மாட்டான். மைதானத்துக்கு ஓடிடுவான். அப்பல்லாம் கோவம் வரும். இப்ப யோசிச்சா, அவன் விளையாடின அந்த நாள் அவனுக்கு லாபந்தானே? அதை யார் பிடுங்க முடியும்?" என்றார். பிறகு சேற்றைக் காட்டி, "இதுங்களும் விளையாடுது பார்" என்றார். முப்பது வருஷம் பரீட்சை வைத்தவர் சொன்னது.

பாலத்தின் தொடக்கத்தில் பழைய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று, 1930களில் கட்டியது. உள்ளே குளிர்காயும் கணப்படுப்பு இருக்கிறது! வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரியப்பா அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டு ஞாபகம் யாரை விட்டுது" என்று மட்டும் சொன்னார்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயம். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். செக் ஜாவாவுக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் வழிவிடுங்கள், உணவு கொடுக்காதீர்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முக்கியமாக, வேகமாக ஓட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். முடித்துவிட்டால் என்ன கிடைக்கும்?

சாயங்காலம் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்கார அம்மா வெளியே வந்தார். முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பெல்லை ஒரு தடவை அடித்தார். செயினில் புதிதாகத் தெரிந்த மண்ணைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவின் கறுத்த விரல்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய துணியும் சோப்பும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனால் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படகுத்துறைக்கு வந்தோம். எண்ணினால் பத்துப் பேர். படகுக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு பேர் வர வேண்டும். நேரமாகிறதே, வீட்டுக்குப் போக வேண்டுமே என்று நான் மணியைப் பார்த்தேன். தனியாக இரண்டு டிக்கெட் காசைச் சேர்த்துக் கொடுத்துக் கிளம்பிவிடலாமா என்று கேட்டேன்.

காலையில் நான்கு தடவை நேரம் கேட்ட பெரியப்பா, பலகையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன அவசரம்? வரட்டும், மெதுவா வரட்டும்" என்றார்.